ஸ்டாக் டூவுக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது?

தம்பி, இங்கிலாந்தில் கூட வேலை செய்பவர் 'ஸ்டாக் டூ'வுக்குக் கூப்பிட்டார், ஸ்டாக் என்றால் ஆண் மான் என்கிறது அகராதி, வேட்டைக்குப் போய் வம்பில் மாட்டிக்கொள்வேனோ என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது லீவில் கோத்தகிரி வந்திருக்கிறேன். இதை டீக்கடையில் சொன்னேன். "மசினகுடிப் பையனுக்கே மான் காட்டப் போறாங்களா?" என்றார் ஒருவர். கடையே சிரித்தது.

பயப்படாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு ஆண் நண்பர்கள் வைக்கும் கொண்டாட்டம் அது. பெண்ணுக்குத் தோழிகள் வைப்பது 'ஹென் டூ'. ஹென் என்றால் பெட்டைக்கோழி. என் மனைவி கோழி விருந்து என்று நம்பி, காலையிலிருந்து சாப்பிடாமல் போனாள்.

இங்கிலாந்தில் ஸ்டாக் என்றால் முதலில் ஆண் செம்மான்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டக்கா'. ஆனால் அதற்கு உறவான, பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நார்ஸின் சொல் ஆண் பறவையைக் குறித்தது. வட இங்கிலாந்து வட்டார வழக்கில் 'ஸ்டெக்' என்றால் 'கூஸ்' எனும் பெரிய வாத்தின் ஆண். ஆக, அந்தச் சொல்லில் மானைவிட ஆண்தான் கெட்டி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஆண்கள் மட்டும் கூடும் விருந்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

நம் 'கலை'யும் இதே ஜாதிச் சொல். நாம் கலைமான் என்று ஒட்டவைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். தொல்காப்பிய மரபியலோ இரலை, கலை இரண்டையும் புல்வாய் என்ற மானின் ஆணுக்குச் சொல்லிவிட்டு, கலை என்ற பெயர் உழைமானுக்கும் உண்டு, முசு என்ற குரங்குக்கும் உண்டு என்கிறது. இங்கே தேயிலைத் தோட்டத்துக்கு மேலே மரத்தில் உட்கார்ந்து நம்மை முறைக்கிற ஆண் கருமந்தியையும் கலை என்றால் தப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. கொண்டாட்டம் 'ஒயிட் ஹார்ட்' என்ற பப்பில் தொடங்கலாம், அந்தப் பெயரில் ஏராளமான பப்கள் உண்டு. இதயம் என்று தேடாதீர்கள், அந்த ஹார்ட்டும் ஆண் செம்மான்தான். கொம்பைக் குறிக்கும் வேரில் பிறந்த சொல். வெள்ளை மான் இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் சின்னம்.

சரி, போங்கள். குடிக்காவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் வற்புறுத்த மாட்டார்கள். அப்புறம், தலைக்கு எவ்வளவு என்று மாப்பிள்ளைத் தோழனிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாப்பிள்ளையின் செலவையும் பெரும்பாலும் மற்றவர்கள்தான் பிரித்துக்கொள்வார்கள். நான் கேட்காமல் போனேன். அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை, அப்பாவிடம் பேங்கில் ஏதோ கோளாறு என்று சொல்லிவைத்தேன்.