திடீர் டின்னர், ஒன்பது தட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி "கிளம்பி ரெடியா இரு, வெளிய சாப்பிடப் போறோம்"னு மட்டும் சொன்னார். போனா சென்னையில ஒரு ஸ்டார் ஹோட்டல், டேஸ்டிங் மெனு, அதாவது என்னென்ன வரணும்னு செஃப்பே முடிவு பண்ணி சின்னச் சின்னதா வரிசையா கொடுக்கிற சாப்பாடு. ஒன்பது தடவை தட்டு மாறுச்சு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு வாய்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, ஆனா வீட்ல பெரியவங்க "அந்தக் காசுக்கு ஒரு மாச மளிகை வாங்கலாமே"ன்னாங்க, என்னால பதில் சொல்ல முடியல. இதுல அப்படி என்னதான் விசேஷம்? இன்னொரு தடவை இப்படித் திடீர்னு போனா இடம் கிடைக்குமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தோழி, பெரியவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, காசு காசுதான். ஆனா அதுக்காக உங்களுக்குப் பிடிச்சதை மறைக்க வேண்டியதில்ல. நல்ல சங்கீதக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குற மாதிரிதான் இது, வயித்துக்குன்னு மட்டும் கணக்குப் போட்டா எப்பவும் நஷ்டமாத்தான் தெரியும்.

ரெண்டு வாய் மட்டும் ஏன்னா, எந்த ருசியா இருந்தாலும் முதல் சில வாய்லதான் நாக்கு முழுசா கவனிக்கும், அப்புறம் பழகிப்போயிடும். அது பழகுறதுக்குள்ள அடுத்த தட்டு வந்துடணும், அதான் கணக்கு. வரிசையும் சும்மா வைக்கிறதில்ல, பெரும்பாலும் லேசா புளிப்பா ஆரம்பிச்சு, நடுவுல மசாலா கனமா ஏறி, கடைசில ஸ்வீட்ல இறங்கும். ஒன்பது தட்டையும் கூட்டிப் பார்த்தா ஒரு முழுச் சாப்பாடு, வீட்டுக்கு வந்து தோசை ஊத்த வேண்டியிருக்காது.

இந்தப் பாணியை உலகம் முழுக்கப் பேச வச்சது ஸ்பெயின்ல ரோசஸ் ஊர் பக்கத்துல இருந்த எல் புல்லிங்கிற ரெஸ்டாரண்ட். ஃபெரான் அட்ரியாங்கிற செஃப் நடத்தினது, ஒரே ராத்திரில முப்பது ஐட்டத்துக்கு மேல வரும், 2011ல ரெஸ்டாரண்டை மூடிட்டாங்க. அங்க கொஞ்ச காலம் வேலை கத்துக்கிட்ட கொல்கத்தாக்காரர் ககன் ஆனந்த், பாங்காக்ல சொந்தமா ரெஸ்டாரண்ட் வச்சு நம்ம இந்திய ருசிகளை அதே பாணில கொடுத்தார், மெனு கார்டுல பேரே இல்லாம வெறும் எமோஜிதான் இருக்கும். ஆசியாவின் டாப் 50 ரெஸ்டாரண்ட் பட்டியல்ல 2015ல இருந்து 2018 வரைக்கும் தொடர்ந்து அவரோட ரெஸ்டாரண்ட்தான் முதல். இந்தியச் சாப்பாடுன்னா பஃபே இல்லன்னா பட்டர் சிக்கன்னு நினைச்சிட்டிருந்தவங்க எல்லாம் அதுக்கப்புறம் வேற மாதிரி யோசிக்க ஆரம்பிச்சாங்க, எனக்கு அதுல பெரிய சந்தோஷம்.

நம்ம ஊர்ல இதுக்கு நல்ல உதாரணம்னா கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டல்ல இருக்கிற அவர்தனா ரெஸ்டாரண்ட். தென்னிந்தியச் சமையலை மட்டுமே வச்சு ஏழுல இருந்து பதிமூணு கோர்ஸ், அதாவது தட்டு வரைக்கும் மெனுக்கள், அதுக்கு மாயா, பேலா, ஜியா, அனிகா, தாரான்னு பேரு. தண்ணி மாதிரி தெளிஞ்ச தக்காளி ரசத்தைக் கொத்தமல்லித் தழையோட சேர்த்து டேபிள்லயே வாசம் இறங்க வச்சு மார்ட்டினி கிளாஸ்ல ஊத்துவாங்க, கலரே இல்லாம இருக்கும், ஆனா வாய்ல வச்சா சாட்சாத் நம்ம வீட்டு ரசம்! சோம்பு வாசத்தோட ஒரு பன்னா கோட்டா, அதாவது இத்தாலி பாணி க்ரீம் ஸ்வீட், பார்த்தா பறவைக் கூட்டுல வச்ச முட்டை மாதிரியே இருக்கும். சிலர் இதை வித்தை காட்டுறதுன்னு சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். சோத்துல ஊத்திப் பிசைஞ்சு அவசரமா சாப்பிடுற ஒண்ணை, அது மட்டும் தனியா என்னன்னு நின்னு கவனிக்க வைக்கிறாங்க, ரசத்துக்கு அந்த மரியாதை எப்பவோ கிடைச்சிருக்கணும்.

இடம் கிடைக்குமான்னா, வார நாள்ல கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி, வெள்ளி சனி கஷ்டம். எத்தனை பேர்னு பார்த்துத்தான் கிச்சன்ல காலைல இருந்தே வேலை நடக்கும், அதனால நேரா போய் நிக்காம சாயங்காலம் ஒரு போன் போட்டு "இன்னைக்கு ஏதாவது கேன்சலேஷன் இருக்கா, ரெண்டு பேர்"னு கேளுங்க. ஏழரை மணிக்கே வர்றோம்னு சொன்னா இன்னும் நல்லது. சிகாகோல அலினியா மாதிரி இடங்கள்ல சினிமா டிக்கெட் மாதிரி முன்னாடியே காசு கட்டணும், புக் பண்ணிட்டு வராதவங்களால வர்ற நஷ்டம்தான் காரணம். நீங்களும் பிளான் மாறிடுச்சுன்னா மறக்காம கேன்சல் பண்ணிடுங்க, உங்கள மாதிரியே திடீர்னு கிளம்பின வேற யாருக்காவது அந்த டேபிள் போகும்.

கேள்வி: அம்மா சுத்த சைவம், எனக்கு முந்திரி அலர்ஜி. மெனு அவங்களே முடிவு பண்ற இடத்துக்கு நாங்க போகலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தாராளமா போகலாம், ஆனா போன்லயே சொல்லிடுங்க தம்பி, டேபிள்ல உக்காந்தப்புறம் சொன்னா லேட். நம்ம பக்கத்து கிரேவில முந்திரி அரைச்சு விடுறது சகஜம், கண்ணுக்கே தெரியாது. "அலர்ஜி"ன்னே சொல்லுங்க, "பிடிக்காது"ன்னு சொல்லாதீங்க. உள்ள போனதும் பரிமாறுறவர்கிட்ட இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்க. சைவத்துக்கு நல்ல இடங்கள்ல தனி மெனுவே இருக்கு, அம்மாவுக்குக் குறை இருக்காது.

கேள்வி: மெனுல போட்டிருந்ததை விட பில் எக்கச்சக்கமா வந்துச்சு, ஏன்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல இருக்கிற ஹோட்டலுக்குள்ள சாப்பிட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம், சாதாரண ரெஸ்டாரண்ட்ல 5தான். அது கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்ல, அதைத் தானாவே பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான்னுடுச்சு. கவனிச்சுக்கிட்டவருக்கு மனசார டிப்ஸ் கொடுங்க, ஆனா பில்லுல சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.