உடைப்பதற்கு எதற்கு ஆற்றல்? – கடிதம்

வணக்கம் மேடம்,

என் அம்மாவுக்கு வயது 68. இரண்டு வருடமாகப் பார்க்கின்சன். மூளை செல்களில் புரதக் குப்பை சேர்வதால்தான் இந்த நோய் வருகிறது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். 16 மணி நேரம் பட்டினி இருந்தால் உடம்பு அந்தக் குப்பையைத் தானே தின்று சுத்தமாகிவிடுமாம், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாம். அம்மாவைப் பட்டினி இருக்கச் சொல்லலாமா? டாக்டரிடம் கேட்டால் திட்டுவார் என்று பயமாக இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

டாக்டர் திட்டுவார் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நானும் திட்டத்தான் போகிறேன். பார்க்கின்சன் உள்ளவர்கள் பலருக்கு உடல் எடை குறைவதே ஒரு பெரிய தொல்லை. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை எப்போது போடுவது என்பதும் சாப்பாட்டு நேரத்தோடு பின்னிக்கிடக்கிறது. இதில் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. காணொளியை நம்பி அம்மாவைப் பட்டினி போடாதீர்கள். அவருக்காக ராத்திரியெல்லாம் தேடிப் படித்திருக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அந்த அக்கறையோடு நேராக டாக்டரிடமே போய்க் கேளுங்கள்.

நோபல் பரிசு உண்மைதான். ஜப்பானிய ஆய்வாளர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் கொடுத்தார்கள். ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, அவை தம் உள்பொருளையே பொதிந்து எடுத்துச் செரிப்பதை நுண்ணோக்கியில் பார்த்தவர் அவர். ஈஸ்டில் பார்த்ததை வைத்து மனித மூளைக்கு மணிக்கணக்கு சொல்ல முடியாது. அதை விடுங்கள்.

செல் புரதத்தை உடைப்பதைக் குப்பை அள்ளும் வேலையாக நினைக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. கெட்டுப்போனதை மட்டுமா செல் உடைக்கிறது? பி53 என்ற புரதம் புற்றுநோயைத் தடுக்கும் காவல்களில் முக்கியமானது. நல்ல ஆரோக்கியமான செல்லில் அதில் பாதி சுமார் 20 நிமிடத்தில் உடைந்துவிடுகிறது. ஹிஃப்-1 ஆல்ஃபா என்று இன்னொன்று. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை செல் அதைச் செய்துகொண்டே இருக்கும், உடனுக்குடன் உடைத்துக்கொண்டும் இருக்கும். ஆக்சிஜன் குறைந்த மறுநிமிடமே உடைப்பு நின்று அது குவிகிறது, ஆக்சிஜன் குறைவைச் சமாளிக்கும் மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. ஒரு பழுதும் இல்லாத புரதத்தை உடைப்பதும் உடைக்காமல் விடுவதும்தான் அங்கே கட்டளை.

1953இல் மெல்வின் சிம்ப்சன் என்ற ஆய்வாளர் எலியின் கல்லீரல் துண்டுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். செல்லுக்கு ஆற்றல் வருவதை நிறுத்தினால், புரதம் உடைவதும் குறைந்துவிடுகிறது. இது எவ்வளவு விசித்திரம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் குடலில் டிரிப்சின் என்ற செரிமான நொதி புரதத்தை வெட்டுகிறது. அதற்கு ஏடிபி, அதாவது செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு, ஒரு துளிகூட வேண்டாம். உடைவது ஆற்றலை வெளியிடும் வினை, தானாகவே நடக்கக்கூடியது. அப்படியிருக்க, செல் எதற்குக் கையிலிருக்கும் ஏடிபியைக் கொட்டி உடைக்க வேண்டும்? இந்தக் கேள்வி கால் நூற்றாண்டு சும்மா கிடந்தது. புரதம் எப்படி உருவாகிறது என்பதில்தான் எல்லோர் கண்ணும் இருந்தது. உடைவதைப் பற்றி என்ன இருக்கிறது ஆராய என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இஸ்ரேலின் ஹைஃபாவில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் ஆரோன் சிச்சனோவரும், பிலடெல்பியாவில் இர்வின் ரோஸும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முயலின் இளம் சிவப்பணுக்களில் தேடினார்கள். அந்த ஆற்றல் தேர்ந்தெடுப்பதற்கு ஆகும் செலவு என்று தெரிந்தது. வெறும் 76 அமினோ அமிலம் நீளமுள்ள யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை முடுக்கிவிட ஏடிபி வேண்டும். உடைக்க வேண்டிய புரதத்தின் மேல் அது சங்கிலியாக ஒட்டப்படுகிறது. எதன் மேல் ஒட்டுவது என்று ஆள் பார்த்துச் சொல்லவே நம் உடம்பில் 600க்கும் மேற்பட்ட இ3 நொதிகள் இருக்கின்றன. அடையாளம் விழுந்த புரதம் புரோட்டியாசோமுக்குப் போகிறது. உள்ளே வெட்டும் இடங்கள் இருக்கும் உருளை அது. வாய் குறுகலானது, மடிந்த புரதம் நுழையாது. மடிப்பைப் பிரித்து இழையாக உள்ளே இழுக்கவும் ஏடிபி செலவாகிறது. யூபிக்விட்டின் மட்டும் கழற்றப்பட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிடும். மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

தேர்வு தவறினால் நோய். மரபுவழியாக, இளம் வயதிலேயே வரும் சில பார்க்கின்சன் வகைகளில் பழுதாகியிருப்பது பார்க்கின் என்னும் இ3 நொதிதான் (எல்லாப் பார்க்கின்சனும் இப்படி அல்ல). கருப்பைவாய்ப் புற்றுநோயில், அதை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் இ6 புரதம் நம்முடைய ஒரு இ3 நொதியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பி53ஐ உடைக்க வைக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் மரபுநோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நடப்பதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. அந்த நோயில் மிக அதிகமாகக் காணப்படும் மரபுப்பிழையில், புரதம் சற்றே கோணலாக மடிகிறது. செல்லின் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யக்கூடியதுதான். செல் விடுவதில்லை, ஏறக்குறைய முழுவதையும் வழியிலேயே அழித்துவிடுகிறது. இங்கே உடைப்பைக் கூட்டுவது நோயைத்தான் கூட்டும்.

என் அக்காவுக்கு மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தபோது போர்டிசோமிப் ஊசி போட்டார்கள். புரோட்டியாசோமை அடைக்கும் மருந்து. "உடைக்கிறதை நிறுத்தினா எப்படிடி நோய் போகும்?" என்று என்னைக் கேட்டாள். அந்தப் புற்றுசெல்கள் ஓயாமல் புரதம் செய்பவை அக்கா, உடைக்க வழியில்லாவிட்டால் அவைதான் முதலில் மூச்சுமுட்டும் என்றேன். நோய் அடங்கியது. ஆனால் பாதம் மரத்துப்போனது. செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியாமல் நாலடி நடந்துபோய்விடுவாள். நரம்புகள் கொடுத்த விலை அது.

அப்புறம் லெனலிடோமைடு கொடுத்தார்கள். 1950களின் கடைசியில் விற்பனைக்கு வந்து, வயிற்றிலிருந்த பல்லாயிரம் குழந்தைகளைச் சிதைத்த தாலிடோமைடின் வழிவந்தது. இது வேலை செய்வது முன்பே தெரியும், எப்படி என்று 2014இல்தான் தெளிவானது: செரிப்ளான் என்ற இ3 கூட்டணியில் ஒட்டிக்கொண்டு, அது வழக்கமாகத் தொடாத இரண்டு புரதங்களை உடைக்க வைக்கிறது. எதை உடைப்பது என்று வெளியிலிருந்து ஒரு மாத்திரையால் சொல்லிக்கொடுக்க முடிகிறது! இப்போது ஆல்ஃபா சைனூக்ளினைக் குறிவைத்தும் அப்படிப்பட்ட மூலக்கூறுகளை உருவாக்கப் பார்க்கிறார்கள். பார்க்கின்சனில் மூளை செல்களுக்குள் திரளும் புரதம் அது. மருந்தாக இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்.