பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீருமா?

அப்பா, அம்மா இருவருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதால் உங்களுக்கும் அது உறுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதி இல்லை. மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

இந்த நோய்க்கென்று தனி மரபணு கிடையாது. (ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் அரிய வகை நீரிழிவு வேறு கதை.) நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் துளித்துளியாக ஆபத்தைக் கூட்டுகின்றன.

பரவலாகக் காணப்படுபவற்றில் வலுவானது, டிசிஎஃப்7எல்2 மரபணுவில் 2006-இல் கண்டறியப்பட்ட மாறுபாடு. டிஎன்ஏவில் 'சி' என்ற வேதி எழுத்து இருக்கும் ஓரிடத்தில் 'டி' இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து! அதுவும் புரதத்துக்கான குறியீடு இல்லாத பகுதியில். இதைச் சுமப்பவர்களின் கணையத்தில், உணவுக்குப் பின் பீட்டா செல்கள் போதிய இன்சுலினைச் சுரப்பதில்லை. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 1.4 மடங்கு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் ஏறக்குறைய இரு மடங்கு.

காக்கும் மாறுபாடுகளும் உண்டு. எஸ்எல்சி30ஏ8 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்று 2014-இல் தெரியவந்தது. பழுது நன்மை செய்வது விந்தைதான்.

அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், டிசிஎஃப்7எல்2 மாறுபாட்டின் இரு பிரதிகளைச் சுமந்தவர்களுக்கும் எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் பலன் தந்தன. என்னைக் கேட்டால், மரபணுச் சோதனைக்குச் செலவழிப்பதைவிட மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எச்பிஏ1சி பரிசோதனை (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) செய்துகொள்வது மேல்.