எழுதுகிறார், படிக்க முடியவில்லை என்கிறார்: நடிப்பா?

கேள்வி: பக்கவாதம் வந்து தேறிய அப்பா நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார். கண்ணிலும் கோளாறில்லை என்கிறார்கள். ஆனால் பேப்பரைக் கொடுத்தால் ஒரு எழுத்தும் புரியவில்லை என்கிறார். தானே எழுதிய சீட்டையே எங்களிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிறார். எழுதத் தெரிந்தவருக்குப் படிக்க வராதா? போன மாதம் வீட்டுப் பத்திரத்தில்கூட அழகாகக் கையெழுத்துப் போட்டார். எங்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நடிக்கிறாரோ?

பதில்: பெற்றவர் நடிக்கிறார் என்று எழுதும் பிள்ளைகள் எனக்குப் புதிதில்லை. அதனால் நேரே பத்திரத்துக்கு வருகிறேன். ஒரு எழுத்தும் புரியவில்லை என்று சொல்கிற மனிதர் கையெழுத்துப் போட்டபோது, அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்று யார் படித்துக் காட்டினார்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.

1887-ல் பாரிஸில் தெஜெரின் என்ற நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வியாபாரி வந்தார். திடீரென்று படிப்பு போயிருந்தது. சொன்னதை எழுதினார், எழுதியதைக் காட்டினால் விழித்தார். எண்கள் மட்டும் தெரிந்தன, கணக்கும் போட்டார். 1892-ல் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தார்கள். இடது பின்மண்டைப் பகுதியிலும், இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் பின்கோடியிலும் பழைய சேதம் இருந்தது. கண் பார்த்த எழுத்து, அதைப் புரிந்துகொள்ளும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. எழுத வைக்கும் பகுதி தப்பியிருந்ததால் கை மட்டும் எழுதியது. உங்கள் அப்பா கதையும் இப்படித்தான் தெரிகிறது. அழகான கையெழுத்தை வைத்து நடிப்பு என்று முடிவு கட்ட முடியாது.

அப்படியானால், நீட்டுவது தன் பிள்ளைகள்தானே என்ற நம்பிக்கையில் போட்டிருக்கிறார். அவரைத்தான் நடிக்கிறார் என்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

பத்திரத்தின் நகலை எடுங்கள். உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சுருக்கிச் சொல்ல வேண்டாம். எங்கேயாவது ‘இதற்கு நான் சம்மதிக்கவில்லையே’ என்றால் வக்கீலைப் பார்த்து மாற்ற வழி தேடுங்கள், சொத்து உங்கள் பெயருக்கே வந்திருந்தாலும். பெற்றவருக்குக் கண்ணாக இருக்க முடியாத பிள்ளைக்கு அவர் வீட்டில் பங்கு எதற்கு?

அப்புறம், நரம்பியல் மருத்துவரிடம் ‘எழுதுகிறார், படிக்க முடியவில்லை’ என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வலப்பக்கப் பார்வை முழுதாக இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தக் குறையோடு அதுவும் போய்விடுவது அடிக்கடி நடக்கும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் படிக்கப் பழகியவர்கள் உண்டு. பேச்சு சிகிச்சையாளர் பயிற்சி கொடுப்பார். மெதுவாகத்தான் வரும். அதுவரை பேப்பரை யார் படித்துக் காட்டுவது என்று வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.