304இல் ராஜாவுக்கு மேலே ஜாக்

அன்புள்ள ஐயா,
கனடாவின் ஸ்கார்பரோவில் வளர்ந்தவள் நான். ஞாயிறுதோறும் அப்பாவும் மாமாமாரும் எங்கள் வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். அதில் ராஜாவை விட ஜாக்கும் ஒன்பதும் பெரிதாக இருப்பது ஏன்? இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது? அவர்களை இப்படிக் கட்டிப்போடுவது எது?
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

304 என்பதே ஒரு கூட்டுத்தொகை. ஏழு முதல் ஆஸ் வரையான 32 சீட்டுகளில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஸ்பேட், ஹார்ட் போன்ற ஓர் இனத்துக்கு 76 என்றால் நான்குக்கும் 304. கேரளத்தின் 28 என்ற சீட்டாட்டமும் இதே முறையில், சிறிய எண்களில் அமைந்ததுதான்.

நெதர்லாந்தின் கிளாவர்யாஸ், ஸ்விட்சர்லாந்தின் யாஸ் ஆகிய சீட்டாட்டங்களிலும் ஜாக்கும் ஒன்பதுமே உச்சியில் நிற்கின்றன. ஆனால் மற்ற இனங்களை வெல்லும் துருப்பு இனத்தில் மட்டும். 304 பரவலாக ஆடப்படும் யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்த டச்சுக்காரர் 1795 வரை அதை ஆண்டார்கள் என்பதையும், துருப்புக்கு அவர்கள் மொழியில் ‘த்ரூஃப்’ என்று பெயர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 304இன் வேர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு நெருக்கமானது. எட்டுச் சீட்டில் நான்கு மட்டும் கைக்கு வந்திருக்கும்போதே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கத் தொடங்க வேண்டும். 160இலிருந்து கேட்பது வழக்கம், அதாவது பாதிக்குச் சற்று மேல். கூடுதலாகக் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அது எந்த இனம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். எதிரே இருக்கும் அவருடைய சோடிக்குக்கூடத் தெரியாது. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட, துருப்பு வைத்தவர் அதன் விளிம்பை மெல்லத் தூக்கிப் பார்க்கும் அந்தக் கணத்தில் மற்ற மூவரும் சீட்டைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். துருப்பில்லை என்றால் அது மறுபடியும் கவிழ்ந்தே கிடக்கும். இரகசியம் அடுத்த சுற்றுக்கும் நீளும். பல ஆண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் படித்துப் பழகியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நான் கண்டதில்லை.

வழக்கமான 304க்கு நால்வர் வேண்டும். மாமாமாரில் ஒருவர் வராத ஞாயிறன்று, அப்பாவுக்கு எதிரே இருக்கும் அந்த இடத்தைக் கேட்டு வாங்கி உட்காருங்கள்.