அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்க வரும் முன்னாள் ராணுவத்தினருக்கு ஆசிரியர்கள் எப்படி உதவலாம்?

டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு சொல்லித் தருகிறேன். பக்கத்திலேயே ராணுவத் தளம். அதனால் என் வகுப்புகளில் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். என் அனுபவத்தில் முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான்: அவர்களிடம் “இந்தக் கோர்ஸை டிராப் பண்ணிடுங்க” என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள்.

மற்ற மாணவர்களுக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். போஸ்ட் 9/11 ஜிஐ பில்லில் படிப்பவருக்கு அது வீட்டு வாடகையிலேயே கை வைத்துவிடும். 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, முன்னாள் ராணுவத்தினருக்கான அரசின் கல்வி உதவித் திட்டம் இது. முழுத் தகுதி உள்ளவருக்கு 36 மாதம் வரை அரசுக் கல்லூரிக் கட்டணம், புத்தகத்துக்கு வருடம் 1,000 டாலர் வரை, மாதாமாதம் வீட்டுப்படி எல்லாம் கிடைக்கும். அந்தப் படி, எத்தனை கிரெடிட் (ஒவ்வொரு கோர்ஸுக்கும் உள்ள பாட அளவு) எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஒரு மாணவர் கால்குலஸ் இடைத்தேர்வில் மார்க் குறைந்ததும் டிராப் படிவத்தோடு வந்து, “சார், ஒரு கையெழுத்து” என்றார். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். உட்காரச் சொல்லி, படிவத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். எடுத்திருப்பது 12 கிரெடிட், இதில் 4 போனால் 8. அதாவது 67 சதவீதம். முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை, அதாவது வி.ஏ., அதை 70 ஆக்கி 70 சதவீதப் படிதான் தரும். தகுந்த காரணம் காட்டாவிட்டால், செமஸ்டர் தொடக்கத்திலிருந்து அந்தக் கோர்ஸுக்காகக் கொடுத்ததையும் திருப்பிக் கேட்கும். முதல் தடவை மட்டும் 6 கிரெடிட் வரை காரணம் கேட்க மாட்டார்கள். அந்தச் சலுகையை அவர் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். கடைசிவரை வகுப்புக்கு வந்து ஃபெயிலானால் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை, நடுவில் விலகினால்தான் கேட்கிறார்கள். இது பல ஆசிரியர்களுக்கே தெரியாது. அவரைக் கீழ்த்தளத்தில் இருக்கும் சர்ட்டிஃபையிங் அஃபிஷியலிடம் அனுப்பினேன். வி.ஏ.வுக்கு நம் மாணவர்களின் கிரெடிட் கணக்கை அனுப்புவது அவர்தான். அப்புறம் அந்த மாணவர் டிராப் செய்யாமல், டியூட்டர் வைத்துப் படித்து, ‘சி’ வாங்கித் தேறினார்.

இன்னொன்று: செமஸ்டர் இடைவெளியில் வீட்டுப்படி கிடையாது. டிசம்பர் நடுவில் வகுப்பு முடிந்தால் அந்த மாதம் பாதிப் படிதான். ஜனவரியில் இவர்கள் கை காய்ந்துதான் வருவார்கள். முதல் வாரத்திலேயே 200 டாலர் புத்தகம் வாங்கச் சொல்வது கொடுமை. நான் நூலகத்தில் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்லிவிடுவேன்.

போரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். பலர் போர்முனைக்கே போகாதவர்கள். மெக்கானிக், கணக்காளர், நர்ஸ் என்று வேலை பார்த்தவர்கள். எல்லோரையும் மனக்காயத்தோடு வந்தவர்களாகப் பார்ப்பது அவர்களுக்கு எரிச்சலைத்தான் தருகிறது. அவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, குழந்தையைத் தூங்க வைத்த பிறகு சந்தேகம் கேட்க முடியுமா என்பதைத்தான். அதனால் வாரத்தில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு ஆன்லைனில் உட்காருகிறேன். கோர்ஸ் விவரத் தாளின் முதல் பக்கத்தில் அந்த நேரமும், சர்ட்டிஃபையிங் அஃபிஷியலின் அறை எண்ணும் இருக்கும்.