மான் வேட்டைக்கு வொயிட் ஓக் அடியில உக்காரணுமா, ரெட் ஓக் அடியிலயா?

ரெண்டு மரமும் வேணும், ஆனா ஒரே மாசத்துல இல்ல. நான் அமெரிக்கால பென்சில்வேனியால ஆறு சீசனா லைசென்ஸ் எடுத்து போயிட்டிருக்கேன் (இந்தியால மான் வேட்டை குற்றம், இங்க மான் எண்ணிக்கைய கட்டுப்படுத்த அரசாங்கமே சீசன் வச்சு அனுமதிக்குது), அந்த அனுபவத்துல சொல்றேன்.

வெள்ளைவால் மானுக்கு ரொம்பப் பிடிச்சது வொயிட் ஓக் கொட்டைதான். காரணம் டானின், அதாவது துவர்ப்பு. ரெண்டு கொட்டையையும் உடைச்சு நுனி நாக்குல வச்சுப் பாத்திருக்கேன், வொயிட் ஓக் லேசா துவர்த்துட்டு விட்டுடுது, ரெட் ஓக் கடுக்காய மென்ன மாதிரி வாயையே இழுத்துப் பிடிக்குது. மானோட எச்சில்ல டானினைக் கட்டிப்போடுற புரோட்டீன் இருக்கு, அதனால ரெட் ஓக்கையும் அதால திங்க முடியும், ஆனா துவர்ப்பு கம்மியானது காலடியில கிடக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் அவ்வளவா போகாது. மரம் அடையாளம் தெரியலன்னா இலைய பாருங்க, மடல் நுனி உருண்டையா இருந்தா வொயிட் ஓக், கூரா முள்ளு மாதிரி நீட்டிட்டு இருந்தா ரெட் ஓக்.

இப்ப முக்கியமான விஷயம். வொயிட் ஓக் செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல கொட்டும், விழுந்த கொஞ்ச நாள்லயே முளை விட்டுடும், அதுக்குள்ள மான், அணில், கரடி, காட்டு வான்கோழின்னு எல்லாமே வந்து தின்னு தீத்துடும். ரெட் ஓக் கொட்டை அடுத்த வசந்தம் வரைக்கும் முளைக்காம பனிக்கு அடியிலயே கிடக்கும், அதுல கொழுப்பும் அதிகம், அதனால நவம்பர் கடைசியில இருந்து மான் அதத்தான் கிளறித் திங்கும்.

இது தெரியாம என் முதல் ரைபிள் சீசன்ல (துப்பாக்கி வேட்டைக்கான சீசன், நவம்பர் கடைசியிலதான் ஆரம்பிக்கும்), அக்டோபர்ல மான் கூட்டமா நின்ன அதே வொயிட் ஓக்க நம்பி மூணு நாள் காலையில குளிர்ல உக்காந்திருந்தேன், ஒண்ணு கூட வரல. நிலத்துக்காரப் பெரியவர் வந்து கீழ என்ன கிடக்குன்னு பாக்கச் சொன்னாரு, பாத்தா கொட்டையோட மேல்தொப்பியும் புழு ஓட்டை போட்ட கொட்டையும்தான். அப்படியே மேட்டுக்கு கூட்டிட்டுப் போனாரு, அங்க ரெட் ஓக் அடியில சருகு பூரா கிளறிக் கிடந்துச்சு, புழுக்கை ஈரமா இருந்துச்சு. மறுநாள் ஏழே காலுக்கு அங்கதான் எனக்கு முதல் மான் கிடைச்சுச்சு, பெட்டை மான், அதுக்குத் தனி லைசென்ஸ் முன்னாடியே எடுத்து வச்சிருந்தேன்.

இன்னொண்ணு, வசந்தத்துல பூ விட்டிருக்கும்போது உறைபனி விழுந்துச்சுன்னா அந்த வருஷமே வொயிட் ஓக் காய்க்காது. ரெட் ஓக் கொட்டை முத்த ரெண்டு வருஷம் ஆகும், அதனால இந்த வருஷ உறைபனி அடுத்த வருஷ காய்ப்பத்தான் கெடுக்கும், அப்படிப்பட்ட வருஷத்துல அக்டோபர்லயே ரெட் ஓக் பக்கம் போயிடுங்க. பக்கத்து பக்கத்துல நிக்கிற வொயிட் ஓக்லயே ஒண்ணு குலை குலையா காய்ச்சிருக்கும், ஒண்ணு வெறுமையா நிக்கும், ஆகஸ்ட்லயே பைனாகுலர் எடுத்துட்டுப் போய் உச்சிக் கிளைய பாத்து குறிச்சு வச்சுக்கோங்க.